ஈர மண்ணில் எடுத்த அளவு

1. ஒரு பாய் அளவு ஈரம்

காலை மணி பதினொன்று பத்து. முதலில் என் கண்ணில் பட்டது ஈர மண்.

பாறைக்கோணம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் பின்புறத்தில், எர்த் பிட்டைச் சுற்றி, ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு மண் கறுத்திருந்தது. 2010-ஆம் ஆண்டு மார்ச் மாதம். அந்தப் பக்கம் மழை பெய்து ஒரு மாதம் தாண்டியிருந்தது. வேலிக்கு அப்பால் ரப்பர் மரங்கள் புதுத் தளிர் விட்டிருந்தன. கீழே கிடந்த பழைய சருகு மிதித்தால் நொறுங்கியது. வரும் வழியெல்லாம் ஜீப்பின் பின்னால் புழுதி எழும்பியிருந்தது. அந்த ஒரு பாய் அளவு மட்டும் ஈரம்.

பார்த்தேன். பார்த்துவிட்டுப் பையிலிருந்து எர்த் டெஸ்டரை எடுத்தேன்.

ஊரின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். மற்றவை நடந்தபடி. அப்போது நான் குலசேகரத்தில் துணைக் கோட்டப் பொறியாளர். எஸ்.டி.இ. என்று சொல்வார்கள். மலையோரத்தில் இருந்த சிறிய எக்ஸ்சேஞ்சுகள் என் பொறுப்பில் இருந்தன.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு விளக்கம். எர்த் பிட் என்பது எட்டடி நீள இரும்புப் பைப்பை நிலத்தில் செங்குத்தாக இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு மூடிய குழி. டெலிபோன் கம்பியில் மின்னல் இறங்கினால், எக்ஸ்சேஞ்சில் இருக்கும் காப்புக் கருவிகள் அதை இந்தப் பைப் வழியாக மண்ணுக்குள் தள்ளிவிடும். மண் அதை வாங்கிக்கொள்ள வேண்டும். எவ்வளவு எளிதாக வாங்கிக்கொள்ளும் என்பதை ஓம் கணக்கில் அளப்போம். இரண்டு ஓமுக்குக் கீழே இருந்தால் நல்ல எர்த். அதிகமாக இருந்தால் மின்னல் வேறு வழி தேடும். அந்த வேறு வழி பெரும்பாலும் ரிசீவரைக் கையில் வைத்திருக்கும் ஒரு மனிதர்.

லைன்மேன் ராஜையன் இரண்டு இரும்பு முளைகளை மண்ணில் அடித்து வயரை நீட்டினார். அவர் அந்தப் பக்கத்துக்காரர், என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான் கைப்பிடியைச் சுற்றினேன். முள் நடுங்கி ஓரிடத்தில் நின்றது.

“ஒண்ணு புள்ளி எட்டு” என்றேன்.

“நல்ல எர்த்தாக்கும் சார்” என்றார் ராஜையன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, முள்ளையும் பார்க்கவில்லை. வயரைச் சுற்றத் தொடங்கிவிட்டார்.

லாபம் வராது என்று யாரும் எட்டிப் பார்க்காத ஊர்களுக்கு பிராட்பேண்ட் கொண்டுபோக மத்திய அரசு மானியம் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. பாறைக்கோணத்தில் செல்போனில் சிக்னல் ஒரு கோடுகூட வராது. எக்ஸ்சேஞ்சில் கருவி பொருத்தி, ஊர் மக்களுக்குப் பொதுவாக ஓர் இணைய அறையும் திறந்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று எஸ்.டி.இ. சான்றிதழ் கொடுத்தால் மானியம் வரும். நான்கு பக்கச் சான்றிதழ். மூன்றாம் பக்கத்தில், பேட்டரி பற்றிய வரிக்குக் கீழே, ‘எர்த் அளவு’ என்று ஒரு கட்டம். மார்ச் முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும்.

ஜீப்பின் பானட்டில் தாளை வைத்து 1.8 என்று எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டேன்.

2. பிளக்

அந்த எக்ஸ்சேஞ்ச் ஒரு வாடகை வீட்டில் இருந்தது. பின்னறையில் கருவிகள். முன்னறையில் கியாஸ்க் என்று நாங்கள் சொன்ன இணைய அறை. இரண்டுக்கும் ஒரே எர்த் பிட். கியாஸ்க்கை நடத்த ஸ்டெல்லா என்ற பெண்ணை எடுத்திருந்தோம். இருபத்தெட்டு வயது, பி.காம். கணவர் கத்தாரில். அதில் வரும் கமிஷனை நம்பித்தான் மகளை மூன்று மைல் தள்ளியிருந்த இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் சேர்த்திருந்தார்.

காலையில் ரப்பர் ஷீட் வைத்திருப்பவர்கள் வந்து அன்றைய கோட்டயம் சந்தை விலையைப் பார்த்துப் போவார்கள். கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகல்தான். வளைகுடாவில் அன்று விடுமுறை. மகனையும் கணவனையும் திரையில் பார்க்கப் பெண்கள் வரிசையில் நிற்பார்கள். ரப்பர் பால் வெட்டுகிறவரின் மனைவி ஞானம்மா ஹெட்செட்டைக் காதில் மாட்டிக்கொண்டு போட்ட சத்தம் எக்ஸ்சேஞ்சின் பின்னறை வரை எனக்குக் கேட்டது.

“லேய், என்ன கோலம்டே இது? எலும்பாட்டு இருக்கியே, அங்க சோறு கிட்டாதா?”

“சித்தி, மெதுவாப் பேசினா போதும். அவனுக்குக் கேக்கும்” என்றார் ஸ்டெல்லா.

“அவன் இருக்கது சவுதியில மோளே. மெதுவாப் பேசினா எப்படிக் கேக்கும்?”

வரிசையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். மகன் சிரித்தது திரையில் தெரிந்தது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மலையில் முதல் இடி உருண்டதும் எல்லா வீட்டிலும் ஒரே வேலைதான் நடக்கும். டி.வி. பிளக்கைப் பிடுங்குவார்கள். கேபிள் வயரைப் பிடுங்குவார்கள். டெலிபோன் பிளக்கைப் பிடுங்கிச் சுவரோரம் தொங்கவிடுவார்கள். வானம் வெளுத்த பிறகுதான் திரும்ப மாட்டுவார்கள். ஸ்டெல்லாவும் அப்படித்தான் செய்தார். மோடத்தின் பவர், லைன், கம்ப்யூட்டர், மூன்றும் அவர் கையில் வந்துவிடும்.

சித்திரையில் அந்த மலையில் தினமும் பிற்பகல் இடி. எனவே தினமும் பிற்பகல் கியாஸ்க்கின் மோடம் அணைந்தது. அது அணைவது நாகர்கோவிலில் கோட்ட அலுவலகத் திரையில் தெரியும். மாதக் கடைசியில் பட்டியல் வரும். குறிப்பிட்ட நேரத்துக்குக் குறைவாக இயங்கிய கியாஸ்க்குகள் சிவப்பு எழுத்தில் இருக்கும். சிவப்பில் நின்றால் அடுத்த தவணை மானியம் கிடையாது.

கோட்டப் பொறியாளர் போன் செய்தார். அவர் வட மாவட்டத்துக்காரர்.

“என்னங்க, உங்க பாறைக்கோணம் சிவப்புல நிக்குது. தினம் மூணு மணியானா செத்துப் போகுது. அந்தப் பொண்ணு தூங்கப் போகுதா?”

“இடி நேரம் சார். பிளக்கைப் பிடுங்கிடுறாங்க.”

“எர்த் ஒண்ணு புள்ளி எட்டுன்னு எழுதிக் குடுத்தது நீங்கதானே? அப்புறம் எதுக்குப் பிடுங்கணும்?”

“பாக்குறேன் சார்” என்று போனை வைத்தேன்.

இன்னொன்றும் அப்போது நடந்தது. அந்தச் சித்திரையில் ஒரே பிற்பகலில் பாறைக்கோணத்தில் ஏழு மோடங்கள் எரிந்தன. எல்லாம் வீட்டு இணைப்புகள், பிளக்கைப் பிடுங்க மறந்தவர்கள். கியாஸ்க்கின் மோடம் தப்பியது. நல்ல எர்த் இருக்கும் எக்ஸ்சேஞ்சில் ஒன்றிரண்டு போகலாம். ஏழு போகாது. ராஜையனைக் கூப்பிட்டு எர்த்தை மறுபடியும் அளந்துவரச் சொன்னேன். மறுநாள் துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுவந்து தந்தார். 1.9.

அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பாறைக்கோணம் போனேன்.

“பாரு மக்கா, இனிமே இடின்னு மோடத்தை அணைக்க வேண்டாம்” என்றேன்.

ஸ்டெல்லா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. “சார், எனக்க சின்னம்மை டெலிபோன் பேசிட்டு நிக்கச்சிலயாக்கும் இடி விழுந்தது. இப்பளும் ஒரு கை மரத்துதான் கெடக்கு. எனக்குப் பேடியாட்டு இருக்கு சார்.”

“அது பழைய கதை. இங்க எர்த் நல்லாருக்கு. மூணு மாசம் சிவப்பில நின்னா கியாஸ்க்கை வேற ஆளுக்குக் குடுத்திடுவாங்க. உனக்குத்தான் நஷ்டம்.”

“எர்த்து நீங்க அளந்ததா சார்?”

“நான்தான் அளந்தேன்.”

“அப்ப சரி சார்.”

ஒரு வெள்ளைத் தாளில் சிவப்பு மையால் எழுதினேன்: ‘எந்நேரமும் ஆன் நிலையில் இருக்க வேண்டும். அணைக்கக் கூடாது.’ கீழே கையெழுத்தும் அலுவலக முத்திரையும். சுவிட்ச் போர்டுக்கு மேலே நானே ஒட்டினேன்.

3. பச்சை

ஜூன் மாதப் பட்டியலில் பாறைக்கோணம் பச்சையில் வந்தது. ஜூலையிலும் ஆகஸ்டிலும் பச்சை. கோட்டப் பொறியாளர் ஒரு கூட்டத்தில் என் பெயரைச் சொன்னார்.

அந்த மாதங்களில் மழை உண்டு, இடி குறைவு. இருந்தாலும் எங்கே இடி கேட்டாலும் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிடுவேன். நாகர்கோவிலில் வீட்டில் இருந்தால் எழுந்து வடமேற்கு ஜன்னலுக்குப் போய் நிற்பேன். ஏழு மோடங்கள் மனதை விட்டுப் போகவில்லை. 1.9 என்று எழுதிய சீட்டு அந்த ஏழுக்கு விடை சொல்லவில்லை.

நானே போய் ஒருமுறை அளந்திருக்கலாம். டெஸ்டர் என் அறையில்தான் இருந்தது. பதினான்கு கிலோமீட்டர். போகவில்லை. அளந்தால் என்ன வரும் என்று எனக்கு பயம். ஒரு பொறியாளர் மீட்டரைப் பார்த்து பயப்படுகிறார் என்றால் அவருக்கு விடை தெரியும் என்று அர்த்தம். இது இப்போது எழுதும்போது தெரிகிறது. அன்று, வேலை அதிகம் என்று சொல்லிக்கொண்டேன்.

4. ஐப்பசி, வெள்ளிக்கிழமை

மணி இரண்டு ஐந்து. குலசேகரம் அலுவலகத்தில் நானும் ராஜையனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவருக்கு மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும். டிரைவர் அன்று விடுப்பு.

முதல் இடி தூரத்தில் உருண்டது. ராஜையன் எழுந்து ஜன்னல் வழியாக வடக்கே பார்த்தார்.

“பாறைக்கோணத்துக்கு மேலயாக்கும் கறுக்குது. இன்னைக்கு எத்தன மோடம் போகுமோ. அங்க எர்த்து வாங்காதே சார். பைப்பு மூணடிதானே போயிருக்கு.”

“என்ன மூணடி?”

“மூணடியில பாறை சார். காண்ட்ராக்டருக்க ஆளு பைப்ப அறுத்து, மிச்சத்தக் கொண்டு போயிட்டான். நீங்க அறியாததா?”

“நான் அளந்தப்ப ஒண்ணு புள்ளி எட்டு வந்துதே.”

“முந்தின நாளு வைகிட்டு அரைச் சாக்கு உப்பு கலக்கி ஊத்தினேன். காலையில பின்னயும் பத்துக் குடம் வெள்ளம். இன்ஸ்பெக்‌ஷன் வந்தா ஊத்துகது எப்பளும் உள்ளதுதானே.” என் முகத்தைப் பார்த்ததும் அவர் குரல் தாழ்ந்தது. “நீங்க கண்டியல்லா சார், ஈரத்த?”

கண்டேன்.

“சித்திரையில திரும்ப அளக்கச் சொன்னேனே?”

“அப்பளும் ஊத்திட்டுத்தான் அளந்தேன். ஊத்தாம அளந்து முப்பது, நாப்பதுன்னு வந்தா நீங்க என்ன செய்வியோ? கையெழுத்துப் போட்டாச்சே. உங்களுக்குத் தொந்தரவு வராண்டாம்னு நெனச்சேன்.”

இரண்டாவது இடி. ஆறு மாத மழை அந்த உப்பையெல்லாம் கரைத்துக்கொண்டு போயிருக்கும். கியாஸ்க்கில் வெள்ளிக்கிழமைக் கூட்டம். சுவரில் என் கையெழுத்து.

டெலிபோனை எடுத்து நான்கு எண்களை அழுத்தினேன். ஐந்தாவது எண்ணில் கை நின்றது. அங்கே மணி அடித்தால் ஸ்டெல்லா ரிசீவரை எடுப்பார். அந்தக் கம்பியில் மின்னல் வந்தால் அது காதில் இருக்கும். எச்சரிக்கை சொல்லப் போய், எது நடக்கக் கூடாதோ அதையே அவரைச் செய்யவைப்பேன். ரிசீவரை வைத்தேன்.

ஊரில் வேறு யாரையாவது கூப்பிட்டுச் சொல்லச் சொல்லலாம். ரேஷன் கடை, டீக்கடை, சர்ச், எல்லாம் அதே எக்ஸ்சேஞ்ச், அதே எர்த். யார் எடுத்தாலும் அவர் காதில். செல்போன் அங்கே கிடையாது.

நாகர்கோவிலுக்குச் சொல்லி கியாஸ்க்கின் இணைய இணைப்பை மட்டும் அங்கிருந்தே அணைக்கச் சொல்லலாம் என்று தோன்றியது. அணைத்தால் இணையம் போகும், கம்பி அப்படியே இணைந்துதான் இருக்கும். இணையம் போனால் முதலில் மோடத்தின் பின்னால் லைன் வயரைக் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும் என்று ஸ்டெல்லாவுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அவர் தவறாமல் அழுத்துவார்.

சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு ஜீப்பை எடுத்தேன். ராஜையன் கை கழுவாமல் ஏறினார். மணி இரண்டு பதினான்கு.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று நொடி எண்ணினால் ஒரு கிலோமீட்டர் தூரம். எண்ணிக்கொண்டே ஓட்டினேன். புறப்படும்போது முப்பது வரை எண்ண முடிந்தது. முதல் தோட்டத்தின் கேட்டைத் தாண்டும்போது இருபத்திரண்டு. நாங்கள் மின்னலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் ஒரு பக்கம்தான் வேலை செய்தது.

“அவ பிளக்கப் பிடுங்கியிருப்பா சார்” என்றார் ராஜையன். “அந்த ஊருக்காரியாக்கும். இடி கேட்டா கை தானாப் பிடுங்கும்.”

“பிடுங்காதேன்னு எழுதி ஒட்டியிருக்கேன்.”

“எழுதி ஒட்டினா எல்லாருமா கேக்குதாவ?”

“அவ கேப்பா.”

மறுபடியும் எண்ணினேன். பதினைந்து. பதினொன்று. பாறைக்கோணம் ஏற்றத்துக்கு முன் ஒரு ரப்பர் மரம் முறிந்து சாலைக்குக் குறுக்கே கிடந்தது. காற்றடித்தால் முதலில் முறிவது ரப்பர் மரம்தான். ராஜையன் வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கினார். நான் கிளைகளை இழுத்தேன். வெட்டிய இடத்தில் வெள்ளையாகப் பால் வழிந்து மழையோடு ஓடியது. சாலையோரக் கம்பங்களில் டெலிபோன் கம்பி எங்கள் தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. அது நேராக எக்ஸ்சேஞ்சுக்குப் போகும் கம்பி.

ஏழு. நான்கு.

அடுத்ததை எண்ணத் தொடங்கவே இல்லை. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. ராஜையன் கத்தியைக் கீழே போட்டுவிட்டுக் குந்தி உட்கார்ந்துவிட்டார். ஏற்றத்துக்கு மேலே, ஊர் இருந்த பக்கம், புகை எழுந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு ஐம்பத்திரண்டு.

5. முன்னறை

மூன்று மணிக்கு ஊருக்குள் போனோம். பத்துப் பன்னிரண்டு பேர் சாலையில் மழையில் நின்றார்கள். எக்ஸ்சேஞ்ச் வீட்டின் கூரைக்குக் கீழே ஒருவரும் இல்லை. எதிரே டீக்கடைப் படியில் ஸ்டெல்லா உட்கார்ந்திருந்தார். ஞானம்மா அவரைத் தோளோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

நான் முதலில் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. மோடத்தின் மேல் மூடி தெறித்துக் கிடந்தது. பிளக் மாட்டும் இடம் கரியாக இருந்தது. ஹெட்செட் தரையில், வயரின் மேலுறை உருகி உரிந்திருந்தது. எரிந்த பிளாஸ்டிக் வாசனை. சுவிட்ச் போர்டுக்கு மேலே என் தாள் அப்படியே இருந்தது. சிவப்பு எழுத்து கலங்கவில்லை.

டீக்கடைக்குப் போனேன்.

“எனக்கு ஒண்ணும் கேக்கல்லன்னு சொன்னேன் சார்” என்றார் ஞானம்மா. “என்னன்னு பாக்க இவ வாங்கி ஒரு காதில வச்சா. அந்த நேரமாக்கும். எனக்க காதில இருக்க வேண்டியது சார் அது.”

நான் குனிந்து, “ஸ்டெல்லா” என்றேன். அவர் திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். சாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் நின்றது அவருடைய இடப்பக்கம். இடது காதிலிருந்து மெல்லிய கோடாக ரத்தம் கழுத்து வரை வந்திருந்தது. ராஜையன் என் கையைப் பிடித்து வலப்பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார்.

என்னைக் கண்டதும் ஸ்டெல்லா எழுந்திருக்கப் பார்த்தார். ஊருக்கே கேட்கும்படி சத்தமாகப் பேசினார்.

“சார், நான் அணைக்கல்ல சார். மானம் கறுத்தப்பளே கை பிளக்குக்குப் போச்சு. நீங்க எழுதி ஒட்டினத வாசிச்சிட்டு விட்டுட்டேன். மோடம் போனது எனக்க தப்பு இல்ல சார்.”

“தப்பு இல்ல மக்கா” என்றேன்.

“என்ன சார்?”

“உன் தப்பு இல்ல.”

“கேக்கல்ல சார்.”

ஜீப்பில் ஏற்றிக் குலசேகரம் கொண்டுபோனோம். அங்கிருந்து நாகர்கோவில். வழியெல்லாம் ஞானம்மா பின்சீட்டில் ஜெபம் சொல்லிக்கொண்டு வந்தார். கைகள், இதயம், எல்லாவற்றையும் பார்த்துவிட்டு டாக்டர், உயிருக்குப் பயமில்லை என்றார். வலது காது இரண்டு வாரத்தில் சரியாகிவிடும் என்றார். இடது காதைப் பற்றிக் கேட்டேன். செவிப்பறை மட்டும் இல்லை, உள்ளே நரம்பும் போயிருக்கிறது என்றார்.

6. இரண்டு அளவுகள்

மறுநாள் காலை பாறைக்கோணத்தில் பிட்டைத் தோண்டச் சொன்னேன். மூன்றடி இரண்டு அங்குலத்தில் பைப் முடிந்தது. முனையில் ஹாக்சா பிளேடின் பற்களின் தடம் தெளிவாக இருந்தது. அதன் கீழே பாறை. தோண்டுவதற்கு முன், யாரும் ஒரு சொட்டு ஊற்றாமல், அளந்திருந்தேன். முந்தின நாள் மழையில் மண் நனைந்திருந்தும் முள் முப்பத்தெட்டில் நின்றது.

அறிக்கை எழுதினேன். மார்ச்சில் அளந்தபோது பிட்டைச் சுற்றி மண் ஈரமாக இருந்தது, அதைப் பார்த்தேன், காரணம் கேட்கவில்லை, சான்றிதழில் அதைக் குறிப்பிடவில்லை என்று எழுதினேன். மோடத்தை அணைக்க வேண்டாம் என்று சொன்னதும் நான்தான் என்று எழுதினேன். ஊற்றியவர் யார் என்று எழுதவில்லை.

கோட்டப் பொறியாளர் இரண்டு தாளையும் மேஜையில் பக்கம் பக்கமாக வைத்தார்.

“இங்க ஒண்ணு புள்ளி எட்டு. இங்க முப்பத்தெட்டு. ரெண்டுக்கும் கீழ உங்க கையெழுத்து. நான் எதை அனுப்பட்டும்?”

“ரெண்டையும் அனுப்புங்க சார்.”

“யோசிச்சுச் சொல்றீங்களா? உங்களோட போகாது இது. மலையோரத்துல இதுவரைக்கும் குடுத்த எல்லாச் சான்றிதழையும் எடுப்பாங்க.”

“எடுக்கட்டும் சார்.”

எடுத்தார்கள். மலையோர எக்ஸ்சேஞ்சுகள் அனைத்திலும் மறு அளவு நடந்தது. வேறு மூன்று இடங்களில் பைப் பாறையில் நின்றிருந்தது. பாறைக்கோணத்தின் மானியத் தவணை நிறுத்தப்பட்டது. காண்ட்ராக்டரின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. எனக்கு இரண்டு ஆண்டு இன்கிரிமென்ட் நிறுத்தம். ஸ்டெல்லாவின் மருத்துவச் செலவைத் துறை ஏற்க ஒன்பது கடிதங்கள் எழுத வேண்டியிருந்தது. ஒன்பதாவதற்குப் பதில் வந்தது.

கீழே ஓடையோரத்தில் பாறை இல்லாத இடம் தேடிப் புதுப் பிட் போட்டோம். அங்கிருந்து எக்ஸ்சேஞ்ச் வரை செம்புப் பட்டை இழுத்தோம். தை மாதம், மழை நின்று இருபது நாள் கழித்து, வறண்ட மண்ணில் நான் அளந்தேன். ராஜையன் தள்ளி நின்று, கையை விரித்துக் காட்டினார். கையில் குடம் இல்லை என்கிறார். இருவரும் சிரிக்கவில்லை. 1.6.

சுவரிலிருந்த தாளைக் கிழித்துவிட்டு வேறொன்று ஒட்டினேன்: ‘இடி கேட்டால் எல்லாப் பிளக்கையும் பிடுங்கவும்.’ கோட்டப் பொறியாளருக்கும் ஒரு நகல் அனுப்பினேன். அவர் மறுப்புச் சொல்லவில்லை. அதன்பின் மானியக் கணக்கில் இடி நேரத்தைத் தனியாகக் காட்ட ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லி மேலே எழுதினார் என்று பிறகு அறிந்தேன்.

சில ஆண்டுகள் கழித்துப் பஞ்சாயத்துகளுக்குக் கண்ணாடி இழைக் கேபிள் போடும் திட்டம் வந்தது. அதுவும் மானியம்தான், அதிலும் சான்றிதழ் உண்டு. இழையில் மின்னல் வராது என்று இளைய பொறியாளர்கள் என்னிடம் சொன்னார்கள். சரிதான். ஆனால் இழை போய்ச் சேரும் பெட்டிக்குக் கரண்ட் வேண்டும், கரண்டுக்கு எர்த் வேண்டும். அவர்களிடம் நான் சொன்னது ஒன்றுதான்: மீட்டரை வெளியே எடுப்பதற்கு முன் மண்ணைப் பாருங்கள். ஈரமாக இருந்தால் அன்று அளக்காதீர்கள். யார் ஊற்றினார் என்று கேளுங்கள். கேட்பதற்குத் தைரியம் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஸ்டெல்லா இப்போது குலசேகரத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறார். ஓய்வு பெற்ற பிறகு ஒவ்வொரு நவம்பரிலும் பென்ஷனுக்கான உயிர்ச் சான்று கொடுக்க அங்கேதான் போகிறேன். என் கட்டைவிரலைப் பிடித்துக் கருவியில் அழுத்துவது அவர்தான். அவருடைய மேஜைக்கு இரண்டு பக்கமும் நாற்காலி உண்டு. நான் அவருடைய வலப்பக்கம் உட்காருவேன்.